இருட்டறை மோகம்

1

கலையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கருவியைப் பற்றிய விவாதமாகவே தொடங்குகிறது. அங்கேயே அது முடிந்தும் விடுவதுதான் நம் காலத்துத் துர்ப்பாக்கியம்.

அண்மைக் காலத்தில் நம் இளைஞரிடையே ஒரு புதிய ஆர்வம் தலைதூக்கியுள்ளது. ஒரு நாளிலேயே நூற்றுக்கணக்கான படங்களைக் கைத்தொலைபேசியில் எடுக்க வல்லவர்கள், தம் தந்தையர் காலத்துப் பிலிம் கமராக்களைத் தேடி அலைகின்றனர். பரணிற் கிடந்த யாசிகாவும் சீனிற்றும் தூசி தட்டப்படுகின்றன. காலாவதியான பிலிம் சுருளுக்கும் விலை பேசப்படுகிறது. உலகின் பெருநகரங்களிற் பல ஆண்டுகளாகவே பரவியிருக்கும் இவ்வார்வம் கொழும்பையும் சென்னையையும் கடந்து மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் சிலர், பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தாம் பிலிமில் எடுத்த படங்களை ஒரு வாசிகசாலை மண்டபத்திற் காட்சிக்கு வைத்தனர். கல்லடிப் பாலத்தின் மேற் கவிந்த மேகம், வாவியில் வலை வீசும் தோணிக்காரர், வயலில் நாற்று நடும் பெண்கள், திண்ணையில் வெற்றிலை இடிக்கும் மூதாட்டி - அனைத்தும் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. படங்கள் அழகாகவே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒளியும் நிழலும் பற்றிய நுண்ணுணர்வு அவற்றில் இருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு அட்டை. அதிற் கமராவின் பெயர், வில்லையின் பெயர், பிலிமின் பெயர், அது கழுவப்பட்ட கரைசலின் பெயர் ஆகியன எழுதப்பட்டிருந்தன. படத்திலிருந்த மனிதரின் பெயர் ஓர் அட்டையிலேனும் இல்லை.

இக்கட்டுரை அந்த இல்லாமையிலிருந்தே பிறந்தது. இளைஞரின் ஆர்வத்தை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. இவ்வார்வம் எத்தேவையிலிருந்து எழுகிறது, யாருக்குப் பயன்படுகிறது, எதனை நம் பார்வையிலிருந்து மறைக்கிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி ஆராய்வதே நோக்கம்.

2

எதிர்க்கட்சியின் நியாயத்தை அதன் வலிமை குன்றாது எடுத்துரைப்பதே விமர்சன நேர்மை. ஆகவே பிலிம் அன்பர்கள் கூறுவதை முதலிற் செவிமடுப்போம்.

முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளொன்றில் 36 படங்கள் எடுக்கலாம். ரொலிபிளெக்ஸ் போன்ற கமராவிற் பயன்படும் அகன்ற சுருளில் 12 படங்களே எடுக்கலாம். ஆகவே பொத்தானை அழுத்துமுன் சிந்தித்தாக வேண்டும். எடுத்த படத்தை உடனே பார்க்க இயலாது, காத்திருத்தல் வேண்டும். வெள்ளி உப்புப் பூசிய பிலிமில் ஒளி பட்டதும் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உருவம் அதிற் பதிகிறது. டெவலப்பர்க் கரைசலில் அவ்வுருவம் கரிய வெள்ளித் துகளாக வெளிப்படுகிறது. ஒளி படாத எஞ்சிய உப்பை ஹைப்போக் கரைசல் கரைத்து நீக்குகிறது. பின்னர் கழுவி உலர்த்த வேண்டும். கறுப்பு வெள்ளைத் தாள் சிவந்த ஒளியை உணர்வதில்லை. ஆதலாற்றான் இருட்டறையிற் செவ்விளக்கு எரிகிறது. அவ்விளக்கின் கீழே, வெறுந்தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைக் கண்டவர் அந்த அனுபவத்தை எளிதில் மறப்பதில்லை. எனக்கும் மாணவப் பருவத்தில் ஒருமுறை அதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. இன்றும் அது கண்ணில் நிற்கிறது.

இதற்கு அப்பாலும் ஒரு நியாயம் உண்டு. கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் படம் பெரும்பாலும் எடுத்தவரின் கையில் நிற்பதில்லை. அது அந்நிய நாட்டுப் பெருங் கம்பனிகளின் களஞ்சியத்திற் போய்ச் சேர்கிறது, விளம்பரத்தின் மூலப்பொருளாகிறது, அடுத்த கணமே வேறொரு படத்தால் மூடப்பட்டு மறக்கப்படுகிறது. நாள் முழுவதும் படம் எடுத்தும் ஒன்றையேனும் பார்க்காத ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. அத்தலைமுறையினர் கையாற் செய்து கண்ணாற் காணக்கூடிய ஒரு வேலைக்கு ஏங்குவது இயற்கையே. தன் உழைப்பின் விளைவிலிருந்து பிரிக்கப்பட்ட மனிதன் அவ்விளைவை மீண்டும் தன் கையில் ஏந்த விரும்புகிறான். பொருளாதாரத்தின் அரிச்சுவடியை அறிந்த எவரும் இவ்வேக்கத்தின் வேரை இனங்காண்பர்; அதனை மதிக்கவும் செய்வர்.

ஏக்கம் உண்மையானது. அதற்குக் கொடுக்கப்படும் மருந்து உண்மையானதா என்பதே கேள்வி.

3

பிலிமின் வரலாற்றை நோக்குவோமாயின் ஒரு விசித்திரம் புலப்படும். 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் சந்தைக்கு விட்ட கொடாக் கமரா 100 படங்களுக்கான சுருளுடன் விற்கப்பட்டது. படங்கள் முடிந்ததும் கமராவையே கம்பனிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி, அச்சிட்டு, புதிய சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்கியவரின் வேலை என்பதுதான் அக்கம்பனியின் விளம்பரமாக இருந்தது. 1900இல் ஒரு டொலருக்கு விற்கப்பட்ட பிரௌனி கமரா இப்போக்கை மேலும் பரப்பியது. அதாவது, படம் எடுப்பவரை இருட்டறையிலிருந்து பிரித்து வைத்ததே பிலிம் சுருள்தான். கண்ணாடித் தகட்டில் தானே மருந்து பூசிப் படம் எடுத்தவர்கள், இதனைச் சோம்பேறிகளின் விளையாட்டென ஏளனஞ் செய்தனர். இன்று கைத்தொலைபேசியின் மேற் சுமத்தப்படும் குற்றச்சாட்டு அன்று பிலிமின் மேற் சுமத்தப்பட்டது. பொறுமையின் சின்னமாக இன்று போற்றப்படும் பொருள், அவசரத்தின் சின்னமாகவே பிறந்தது.

அவ்வாறாயின் இன்றைய மோகம் எதனைப் போற்றுகிறது? ஒரு பொருள் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து நீங்கியதும் அதற்கு ஒரு புனிதத் தன்மை வந்துவிடுகிறது. அப்புனிதத்தைச் சந்தை உடனே விலைக்கு விற்கத் தொடங்குகிறது. 1992இல் வியன்னாவில் தோன்றிய லோமோகிரபி இயக்கம், சோவியத் நாட்டில் ஆக்கப்பட்ட ஒரு கமராவின் குறைபாடுகளையே அழகெனக் கொண்டாடியது. விரைவில் அதுவே வர்த்தக நிறுவனமாயிற்று. கொடாக்கின் கதை இதனினும் படிப்பினை மிக்கது. முதலாவது டிஜிற்றல் கமராவை 1975இல் உருவாக்கியவர் அக்கம்பனியின் பொறியியலாளரான ஸ்டீவன் சாசன். பிலிம் விற்பனையால் வந்த இலாபத்தை இழக்க மனமில்லாத கம்பனி, தன் வீட்டிற் பிறந்த குழந்தையைத் தானே ஒதுக்கி வைத்தது. 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில் நிறுத்தப்பட்ட எக்ராகுறோம் பிலிம், ஏக்கம் சந்தைப் பொருளானதும் 2018இல் மீண்டும் வந்தது. 2024இல் பென்ராக்ஸ் நிறுவனம் புதிய பிலிம் கமராவொன்றை வெளியிட்டது. 2023இல் வெளிவந்த ‘ஒப்பன்ஹைமர்’ திரைப்படத்திற்கெனக் கொடாக் தனியாகவே கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்துக் கொடுத்தது. செல்வம் படைத்தோருக்குப் பிலிம் என்றும் அழிந்ததில்லை.

நமக்கு அண்மையிலுள்ள ஓர் உதாரணத்தையும் நோக்குக. தமிழகத்தின் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அது, ‘இந்து’ என்ற பெயரிற் பிலிமும் புகைப்படத் தாளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒரு நாடு, தன் முகத்தைத் தானே பதிந்துகொள்ளத் தனக்கெனப் பிலிம் வேண்டுமென எண்ணியது. வர்ணப் பிலிமும் இறக்குமதியும் வந்து மோத, அத்தொழிற்சாலை தொண்ணூறுகளில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் எஞ்சிய தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அதனை மூட அரசாங்கம் முடிவு செய்தது. பிலிமின் மறுமலர்ச்சியைப் பாடும் அன்பர்களிடம் யப்பானியக் கமராக்களின் பட்டியல் உண்டு. ஜேர்மனிய வில்லைகளின் வமிச வரலாறும் உண்டு. நீலகிரிக் குளிரில், முழு இருளில் நின்று பிலிம் பூசிய தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய ஒரு சொல் அவர்களிடம் உண்டா? பண்டத்தை வணங்குவோர் அதனைச் செய்த கையை மறப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

4

பிலிம் பொய் சொல்லாது, டிஜிற்றல் பொய் சொல்லும் என்று ஒரு வாதம் உண்டு. இதனை வரலாறு ஆதரிக்கவில்லை. ஸ்டாலின் காலத்திற் பதவியிழந்தோரின் முகங்கள் பழைய படங்களிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. அது கத்தியாலும் மையாலும் இருட்டறையிற் செய்யப்பட்ட வேலை. முற்போக்காளராகிய நாம் இதனைச் சொல்லக் கூசினால் பிறர் பொய்யைக் கண்டிக்கும் உரிமையை இழப்போம். நம் ஊர் ஸ்ரூடியோக்களிலும் நெகற்றிவின் மேற் பென்சிலாற் ‘ரச்சிங்’ செய்து முகத் தழும்பை நீக்கினர். காலஞ்சென்ற கணவனை மனைவியின் பக்கத்தில் ஒட்டி இருவரையும் ஒரே படமாக்கினர். பின்னையது அன்பினாற் செய்யப்பட்ட பொய், ஆயினும் பொய்யே.

பிலிமின் இரசாயனத்திலேயே ஓர் அரசியல் இருந்தது. வர்ணப் பிலிமின் நிறச் சமநிலையைச் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோற் பெண்களின் முகமே இருந்தது. வெண்ணிறத்தை அளவுகோலாகக் கொண்ட அப்பிலிமிற் கரிய முகங்கள் நிழலில் மூழ்கின. சொக்கலேற் உற்பத்தியாளரும் தளபாட உற்பத்தியாளரும் தம் பண்டங்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக விழவில்லை என முறையிட்டதும் அக்குறையைத் திருத்துவதற்கு ஒரு காரணமாயிற்று. கரிய மனிதரின் முறையீட்டைவிடச் சொக்கலேற்றின் முறையீடு உரத்துக் கேட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் மொசாம்பிக்கிற்குச் சென்ற பிரெஞ்சு நெறியாளர் கொடார், கொடாக் பிலிமை இனவாதம் உடையதெனக் குறை கூறியது இதனாலேயே.

தென்னாபிரிக்காவிற் கறுப்பினத்தவர் கட்டாயமாகச் சுமந்து திரிந்த அனுமதிப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் பொலரோயிட் கம்பனியின் உடனடிப் படக் கருவி பயன்பட்டது. 1970இல் அக்கம்பனியின் ஊழியர்களான கென் வில்லியம்ஸ், கரோலைன் ஹன்ரர் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்து போராட்டத்தைத் தொடங்கினர். 1977இற் கம்பனி அந்நாட்டு வியாபாரத்தைக் கைவிட்டது. இன்று ‘பழைய காலத்து இனிமை’ எனப் பொலரோயிட் படத்தைச் சுவரில் ஒட்டும் நண்பர்கள் இவ்விருவரின் பெயரையும் அப்படத்தின் கீழ் எழுதி வைப்பார்களாக.

5

இனி நம் தீவிற்கு வருவோம்.

புகைப்பட வரலாற்றிற் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரற் கமரன் 1875இல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார்; 1879இல் இங்கேயே மறைந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த தெனிசன், டார்வின் முதலியோரின் முகங்கள் இன்றும் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. இலங்கையில் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. அவற்றிற் புகழ் பெற்ற ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பது. 1878இல் எடுக்கப்பட்ட அப்படத்தில் நிற்போரின் பெயரை அத்தலைப்பு நமக்குச் சொல்வதில்லை. கண்ணாடித் தகட்டின் முன் அசையாது நின்ற அம்மனிதர்களின் கண்கள் இன்றும் நம்மை உற்று நோக்குகின்றன. கேட்கத்தான் ஆளில்லை.

லயனல் வென்டைப் பற்றிக் கூறாது இலங்கைப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேச முடியாது. 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர், பியானோ வித்தகர், 1943இல் தோன்றிய ‘43 குழு’ என்னும் ஓவியர் இயக்கத்தின் தூண். தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் பசில் றைற் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் ஆவணப்படத்திற் கேட்பது அவருடைய குரலே. மீனவரையும் உழவரையும் வெள்ளைத்துரைமாரின் தபாலட்டைப் பார்வையிலிருந்து மீட்டு, அவர்தம் உடலின் அழகையும் கண்ணியத்தையும் காட்டியவர் அவர். அந்தச் சாதனை சிறிதன்று. ஒரு தலைமுறையின் கண்ணையே அவர் திருத்தினார் எனலாம். ஆயினும் அவர் மறைந்தபின் 1950இல் வெளிவந்த நூலைப் புரட்டும்போது ஓர் ஐயம் எழுகிறது. அங்கே உழைப்பாளியின் உடல் இருக்கிறது. உழைப்பின் நிலைமை எத்தனை படங்களில் இருக்கிறது? வலை இழுப்பவனின் தோள்களில் ஒளி வழிகிறது; அவ்வலை யாருக்குச் சொந்தம் என்ற வினா அப்படத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது. வென்ட் வாழ்ந்த சூழலையும் காலத்தையும் மனங்கொண்டு இக்குறையை நாம் பொறுக்கலாம். எண்பது ஆண்டுகளுக்குப் பின் வாவிக்கரையிற் படம் எடுக்கும் என் மாணவர் அவருடைய ஒளியை மட்டும் கற்று, அவர் விட்ட குறையையும் அழகெனக் கற்பாராயின் அதனைப் பொறுக்கலாகாது.

6

படுவான்கரையிற் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். எங்கள் வீடுகளிற் கமரா இருந்ததில்லை. படம் எடுப்பதெனில் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வர வேண்டும். மண்முனைப் பாலம் 2014இற்றான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் எம்மூரார் ‘பாதை’ என வழங்கும் மிதவைதான் கதி. கலியாணத்திற்கு ஒரு படம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வகுப்போடு நின்று ஒரு படம். இவற்றைத் தவிர எடுத்ததெல்லாம் அடையாள அட்டைக்கான படமே. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட அந்த அட்டைக்காகத்தான் எம் உழவரும் மீனவரும் வாழ்விற் பெரும்பாலும் முதன்முறையாகக் கமராவின் முன் அமர்ந்தனர். பிலிம் காலம் ஒரு பொற்காலம் எனக் கூறுவோர் யாருடைய காலத்தைப் பற்றிப் பேசுகின்றனர்? கமரா வைத்திருந்தவரின் காலத்தைப் பற்றியே பேசுகின்றனர். எம்மவருக்குப் படம் என்பது அரசாங்கம் கேட்டதாற் கொடுத்த முகம்.

அந்த முகத்திற்கும் ஆபத்து வந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டு போயிற்று. யுத்த காலத்தில் மக்கள் உடுத்த உடையோடு ஓடினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இற் கடல் நாவலடியையும் கல்லடிக் கரையையும் விழுங்கியது. எல்லாவற்றிலும் கொடிது 1990ஆம் ஆண்டு. ஓகஸ்ட் 3இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 5இல், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. ஆணைக்குழுக்கள் வந்தன, போயின. தாய்மார் மட்டும் மகனின் படத்தை மார்போடு அணைத்தபடி வீதியில் நிற்கின்றனர்.

என் மாணவி ஒருத்தியின் அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். 1990இற் காணாமலாக்கப்பட்ட அவருடைய மகனுக்கு அப்போது 19 வயது. அடையாள அட்டை அவனோடு போயிற்று. வீட்டிலிருந்த படங்கள் வீட்டோடு எரிந்தன. அட்டைக்குப் படம் எடுத்த ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருக்கக் கூடும் என அவர் பல ஆண்டுகளாக நம்பியிருந்தார். ஒருநாள் அவரை அழைத்துக்கொண்டு சென்றேன். ஸ்ரூடியோ மூடப்பட்டு, அவ்விடத்திற் கைத்தொலைபேசிக் கடை இருந்தது. முதியவரான பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்தோம்.

“பெட்டி பெட்டியாக் கிடந்திச்சு சேர். வெள்ளி எடுக்கிற ஆக்கள் வந்து கிலோக் கணக்கில வாங்கிட்டுப் போனாங்க. இப்பிடி ஒரு நாள் வருமெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்?” என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கறுப்பு வெள்ளை நெகற்றிவில் முகத்தின் கரிய பகுதிகளாக நிற்பது வெள்ளியே. சந்தைக்கு அந்த வெள்ளி தெரிந்தது, முகம் தெரியவில்லை.

முடிவில் ஒரு பழைய வகுப்பு நண்பரிடமிருந்து பள்ளிக்கூடப் படமொன்று கிடைத்தது. பின் வரிசையில், நெல்மணியளவில் அவன் முகம். அதனைப் பெருப்பிக்கக் கொடுத்த இடத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையால் முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லி ஒரு படம் தந்தனர். கூரிய கண்கள், செதுக்கிய மூக்கு, அழகிய இளைஞன். அம்மூதாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது ஆர்ர புள்ள மனே?” என்றார். பிறகு, திருத்தாமற் பெருப்பித்த மங்கலான படத்தைக் கையிலெடுத்தார். “இதில கண் விளங்குதில்ல. ஆனா நிக்கிற நிலை அவன்தான்” என்றார். அந்த மங்கற் படம்தான் இன்று அவர் கையில் இருக்கிறது.

7

வால்ட்டர் பெஞ்சமின் என்ற ஜேர்மனிய மார்க்சிய அறிஞர், கலைப்படைப்பு இயந்திரத்தாற் பெருக்கப்படும் காலத்தைப் பற்றி 1930களின் நடுப்பகுதியில் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தைக் கூறினார். படைப்பின் தனித்துவ ஒளி இயந்திர யுகத்தில் மங்குகிறது. ஆயினும் பிரிந்தோர், இறந்தோர் ஆகியோரின் முகப்படத்தில் அது தன் கடைசிப் புகலிடத்தைக் காண்கிறது என்பது அதன் சாரம். பெஞ்சமின் இதனைப் பழைய வழிபாட்டின் எச்சமாகவே கருதினார். எம் மண்ணில் அதற்கு வேறொரு பொருளும் சேர்ந்துவிட்டது. தாயின் கையிலுள்ள படம் வழிபாட்டுப் பொருள் மட்டுமன்று. இப்படி ஒருவன் இருந்தான், அவனை என்ன செய்தீர் என அரசாங்கத்தைக் கேட்கும் சாட்சியமும் ஆகும். சாட்சியத்திற்கு அழகு தேவையில்லை, தொடர்பு தேவை. இந்த ஒளி இந்த முகத்திற் பட்டு இந்தத் தாளில் விழுந்தது என்ற அறாத தொடர்பே அம்மங்கற் படத்தின் வலிமை. இயந்திரம் கற்பனை செய்து தந்த தெளிந்த முகத்தில் அத்தொடர்பு அறுந்துவிட்டது. மூதாட்டி அதனைத் தத்துவம் படிக்காமலே கண்டுகொண்டார்.

இங்கேதான் பிலிம் அன்பர்களின் உள்ளுணர்வு சரியானதென நான் ஒப்புக்கொள்கிறேன். கையில் ஏந்தத்தக்க நெகற்றிவுக்கு ஒரு பெறுமதி உண்டு என்று அவர்கள் உணர்ந்திருக்கின்றனர். ஆனால் அப்பெறுமதியைப் பிலிமின் துகள்களிலும் கமராவின் உலோகத்திலும் தேடுகின்றனர். அது முகத்திலும் பெயரிலும் அன்றோ இருக்கிறது? புதிய சுருளுக்கும் அதனைக் கழுவுவதற்கும் ஒரு நாட்கூலி போதாத இந்நாட்டில், ஏலவே எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நெகற்றிவுகள் மூடப்பட்ட ஸ்ரூடியோக்களின் மூலைகளில் அழிந்துகொண்டிருக்கின்றன. பிலிம் சிரஞ்சீவி அன்று. வாவிக்கரையின் ஈரத்தில் அதிற் பூஞ்சணம் படரும். அசற்றேற்றுப் பிலிம் காலப்போக்கில் வினாகிரி வாடை வீசிச் சுருங்கும். எழுபதுகளின் வர்ணப் படங்கள் செந்நிறமாக மங்கிவிட்டதை எந்தக் கலியாண அல்பத்திலும் காணலாம்.

இவற்றைக் காப்பதற்கு உதவுவது, நம் அன்பர்கள் வெறுக்கும் டிஜிற்றல் கருவியே என்பது கவனிக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டுச் சுனாமியின் பின் யப்பானின் யமமொற்றோ நகரில், சேற்றிலிருந்து மீட்ட இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் நீரிற் கழுவி, உலர்த்தி, டிஜிற்றற் பிரதி எடுத்து, உரியவர் தேடிப் பெறுமாறு செய்தனர். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தினர் தமிழகத்து ஸ்ரூடியோப் படங்களைத் திரட்டிப் பிரதி செய்தனர். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் இவ்வாறே காத்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திற்கு ஒரு பிரதியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிலிமும் டிஜிற்றலும் பகைவர் என்ற கற்பனை, இரண்டையும் விற்போருக்கே இலாபம். நமக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே பிலிம் கமராவை ஏந்தும் இளைஞரிடம் நான் கேட்பது மூன்று. முதலாவது, படம் எடுத்தவரின் பெயரை எழுதுவது போல எடுக்கப்பட்டவரின் பெயரையும், அவர் விரும்பினால், எழுதுக. அவருக்கு ஒரு பிரதியும் கொடுக்க. இரண்டாவது, உம் ஊரில் மூடப்பட்ட ஸ்ரூடியோ எது, அதன் நெகற்றிவுகள் எங்கே என விசாரிக்க. வெள்ளி வாங்குவோர் வருமுன் நீர் செல்க. மூன்றாவது, இருட்டறையில் வேலை செய்த முதியவர்களிடம் அவர்தம் தொழிலைக் கேட்டு எழுதுக. கைவினைக்கு ஏங்கும் உமக்கு அதனை விடச் சிறந்த கல்லூரி இல்லை.

இக்கருத்துகளை என் பழைய மாணவரிடம் நேரிற் கூறினேன். முதலில் மனவருத்தம் கொண்டனர், அது நியாயமே. உழைத்துச் செய்ததைக் குறை கூறும்போது யாருக்கும் வருத்தம் வரும். இரண்டு வாரங்களின் பின் அவர்களில் இருவர் படுவான்கரைக்கு வந்தனர். வீடு வீடாகச் சென்று, எஞ்சியிருந்த படங்களை யன்னலோர வெளிச்சத்தில் வைத்துக் கைத்தொலைபேசியாற் பிரதி எடுத்தனர்; யார், எவ்வூர், எந்த ஆண்டு என ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினர். முதல் நாளில் எழுதியவை 41 பெயர்கள். திண்ணையில் வெற்றிலை இடிக்கும் மூதாட்டியின் வீடும் அவ்வழியிலேயே இருந்தது. அவருடைய பெயரும் இப்போது அக்கொப்பியில் இருக்கிறது. அட்டையிலும் அதனை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள்.